சுமை சைக்கிளில் உள்கியர்: திருநகரிலிருந்து போடிமெட்டு வரை

கடந்த ஆவணியில் என் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பிரித்து, எட்டுக் கியரையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ஒரு ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி ஓடும் உருளையை, போட்டேன். ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் இரண்டு முறை, 18 கிலோ சுமையோடு போடிமெட்டு ஏறியதும் அடக்கம். உள்கியர் நமக்குச் சரிப்படுமா என்று என்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்ட வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய சக்கரத்தின் கதை. எஃகுச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. பெயருக்கு 21 கியர். மதுரையின் நத்தம் சாலையில் ஊமச்சிகுளம் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தன. இரண்டும் வலப்பக்கம். அது தற்செயல் இல்லை. ஏழு பல்சக்கரங்கள் வலப்புறத்தில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ரிம்மை நடுவில் நிறுத்த வலப்பக்கக் கம்பிகளை மிக இறுக்கமாக முறுக்க வேண்டியிருக்கிறது. இடப்பக்கக் கம்பிகள் தளர்ந்து கிடக்கின்றன. சுமை ஏறினால் முறுகி நிற்கிற பக்கம்தான் முதலில் போகும். அதுவும் ஃப்ரீவீல் என்கிற அந்தப் பல்சக்கரக் கொத்தைக் கழற்றாமல் புதுக் கம்பி கோக்க முடியாத பக்கம். கழற்றும் கருவி என்னிடம் இல்லை. சைக்கிளைக் காய்கறி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அதற்கு முன்பே, ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குச் செயினைத் தள்ளும் டெரெயிலரைத் தாங்கும் இரும்புக் காது இரண்டு முறை வளைந்திருந்தது. சுமையோடு சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது அதுதான். வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்கும்போதுகூட எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது, பழைய நகரச் சைக்கிள் ஒன்றிலிருந்து கழற்றிய ஷிமானோ நெக்ஸஸ் ஹப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். எட்டு வேகம், 36 துளை, கையில் எடுத்தால் இரண்டு கிலோ கனம். பழங்காநத்தத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். ஹப்பைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது மூன்று வேக ஹப்பின் பேரப்பிள்ளை" என்றார். பிறகு பரணிலிருந்து ஒரு எண்ணெய் டின்னை இறக்கினார். அதற்குள் மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் பிரித்தபடி கிடந்தது.

எங்கள் தாத்தாவின் சைக்கிளில் இருந்ததும் அதே ஹப்தான். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1902-இல் தொடங்கிய நிறுவனம். ஏடபிள்யூ என்ற இந்த மூன்று வேக ஹப் 1936-இல் வந்தது. இரண்டாவது, மூன்றாவது கியர்களில் போனால் டிக் டிக் என்று ஓசை வரும். முதல் கியரில் சத்தமே இராது. மாலையில் அந்த ஓசை தெருமுனையில் கேட்டதும் நாங்கள் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடுவோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. கடையில் தினத்தாளை விரித்து உட்கார்ந்து பற்களை எண்ணினேன். நடுவில் அச்சோடு ஒட்டி அசையாமல் நிற்கும் சூரியச் சக்கரத்துக்கு 20 பல். அதைச் சுற்றி ஓடும் கோள் சக்கரங்கள். எல்லாவற்றையும் வெளியிலிருந்து அணைத்து நிற்கும், உட்பக்கம் பல் வெட்டிய வளையத்துக்கு 60 பல். செயின் வளையத்தைச் சுழற்றி, கோள்களைத் தாங்கும் கூடு சக்கரத்தைச் சுழற்றினால், வேகம் 60-ஐ 80-ஆல் (60-உம் 20-உம் சேர்ந்தது) வகுத்த அளவு, அதாவது முக்கால் பங்கு. அதையே தலைகீழாக்கிக் கூட்டைச் செயின் சுழற்றி, வளையம் சக்கரத்தைச் சுழற்றினால் 80-ஐ 60-ஆல் வகுத்தது, ஒன்றே மூன்றில் ஒன்று. இரண்டும் இல்லாமல் நேராக இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று. மூன்று கியர் முடிந்தது. இருபத்தைந்து வருடமாகப் பின்னங்கள் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, அவை எண்ணெய் பூசிக்கொண்டு இப்படிக் கையில் உட்கார்ந்ததில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

நெக்ஸஸ் எட்டின் விகிதங்களை அன்று இரவு எழுதிப் பார்த்தேன். 0.527, 0.644, 0.748, 0.851, பிறகு ஐந்தாவது சரியாக 1. அதற்கு மேல் 1.223, 1.419, 1.615. முதலில் ஒழுங்கற்ற எண்களாகத்தான் தெரிந்தன. மேல் நான்கையும் 0.527-ஆல் பெருக்கிப் பாருங்கள், கீழ் நான்கும் அப்படியே வந்துவிடும். ஆக உள்ளே இருப்பது இரண்டு அடுக்கு: நான்கு கியர் கொடுக்கிற ஒன்று, அந்த நான்கையும் மொத்தமாகக் கீழிறக்குகிற இன்னொன்று. நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது இரண்டு அடுக்குகளும் ஒரே சமயத்தில் நிலை மாற வேண்டும். ஓட்டும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் ஹப் ஏன் தயங்குகிறது என்பது எனக்கு இதிலிருந்துதான் விளங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன். மூன்று பேர் கண்டுபிடித்தார்கள்.

சக்கரம் கட்டியதையும் சொல்ல வேண்டும். ஹப்பின் விளிம்பு பெரியது, கம்பித் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 93 மில்லிமீட்டர். அதனால் பழைய கம்பிகள் நீளம் கூடுதல். கொசைன் விதியில் கணக்குப் போட்டு 250 மில்லிமீட்டர் என்று சொன்னேன். பழையவை 260-க்கு மேல். அண்ணன் என் காகிதத்தை வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, ரிம்மையும் ஹப்பையும் தரையில் வைத்து ஒரு கம்பியை மற்ற மூன்று கம்பிகளைக் குறுக்கே கடக்கிற சாய்வில் பிடித்து, நகத்தால் குறித்து, "பத்து இன்ச்சுக்கு ஒரு நூல் குறைவு" என்றார். பத்து அங்குலம் 254 மில்லிமீட்டர். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நான் அவருடைய நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலப்பக்கம் ஒரே ஒரு பல்சக்கரம்தான் என்பதால் இரு பக்கக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்தில் நிற்கின்றன. கோட்டம் எடுத்து முடித்துவிட்டு அண்ணன் கம்பிகளை இரண்டு இரண்டாகத் தட்டிக் காட்டினார். இரு பக்கமும் ஒரே சுருதி. 1,400 கிலோமீட்டரில் ஒரு கம்பிகூட அறவில்லை, சக்கரம் ஒரு நூல்கூடக் கோணவில்லை. வேறு எந்த நன்மையும் இல்லாவிட்டாலும் இதற்காகவே இந்த ஹப்பை வைத்துக்கொள்வேன். செயினும் ஊர்ச் சைக்கிள்களின் தடித்த செயின்தான், எந்தச் சிற்றூர்க் கடையிலும் கிடைப்பது. முன்னால் 38 பல், பின்னால் 19 பல். இந்த ஹப்புக்கு முன்பல் பின்பல்லைப்போல் இரண்டு மடங்கு அளவில் இருக்க வேண்டும் என்பது செய்தவர்களின் பரிந்துரை.

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் புறப்பட்டேன். நான்கு பைகள். முன்பு புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட தையற்காரர் தார்ப்பாய்த் துணியில் தைத்துக் கொடுத்தவை. கூடாரம், சிறு ஸ்டவ், அரிசி, மாற்றுத் துணி, கருவிகள். நான், சைக்கிள், சுமை எல்லாம் சேர்த்து 95 கிலோ.

பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் தாண்டுவதற்குள் எத்தனை முறை நிற்க வேண்டும் என்று மதுரைக்காரர்களுக்குத் தெரியும். உள்கியரின் பெரிய வரம் எனக்கு அங்கேதான் புலப்பட்டது. டெரெயிலர் சைக்கிளில் செயின் ஓடினால்தான் கியர் மாறும். ஷேர் ஆட்டோ திடீரென்று குறுக்கே நின்றால், பெரிய கியரிலேயே நின்றுபோவோம். பிறகு 95 கிலோவை அந்தக் கியரிலிருந்தே நகர்த்த வேண்டும். முழங்கால் கெடுவது மலையில் இல்லை, இப்படிப்பட்ட புறப்பாடுகளில்தான் என்பது என் உறுதியான எண்ணம். உள்கியரில் நின்றபடியே கைப்பிடியைத் திருப்பினால் ஆறிலிருந்து இரண்டுக்கு வந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்ததும் பாரமே இல்லாததுபோல் வண்டி கிளம்புகிறது. விராட்டிபத்து வருவதற்குள் இது கைக்குப் பழகிவிட்டது.

செக்கானூரணி தாண்டியதும் காற்று. ஆடி போய்ப் புரட்டாசி வந்தும் ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஓய்ந்திருக்கவில்லை. எதிர்காற்றில் கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி தெரியும். இந்த ஹப்பில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே 22 விழுக்காடு இடைவெளி. காற்று சற்றுத் தணிந்தால் ஐந்தில் கால்கள் தறிகெட்டுச் சுற்றும், ஆறில் போட்டால் மிதி கனக்கும். நடுவில் ஒன்று இருந்தால் என்ன என்று கருமாத்தூரிலிருந்து உசிலம்பட்டி வரை மனம் ஏங்கிக்கொண்டே வந்தது. ஐந்தாவது கியரில் மட்டும் உள்ளே எந்தப் பல்லும் வேலை செய்யாமல் நேரே இணைகிறது. அதன் அமைதியும் வழுக்கலும் தனி. ஒன்று முதல் நான்கு வரை மெல்லிய முனகல் உண்டு, கொஞ்சம் சக்தியும் வீணாகிறது. கால் அதை உணர்கிறது.

உசிலம்பட்டிக்கு முன்னால் ஒருமுறை மிதி சட்டென்று வெறுமையில் இறங்கியது. உயிர் ஒரு கணம் தொண்டைக்கு வந்தது, பின்னால் லாரி. கியர் மாற்றும் புது கேபிள் சற்று நீண்டு, கியர் சரியாகப் பற்றாமல் போயிருந்தது, அவ்வளவுதான். நான்காவது கியரில் வைத்து, ஹப்பின் பக்கத்தில் இருக்கும் இரண்டு மஞ்சள் கோடுகள் ஒரே நேரில் வருகிறவரை கைப்பிடிக்கு அருகில் உள்ள திருகைத் திருப்ப வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் புது கேபிள் போட்ட முதல் 100 கிலோமீட்டருக்குள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று யாராவது எனக்கு முன்பே அழுத்திச் சொல்லியிருக்கலாம். நான் உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

ஆண்டிபட்டியில் பின் டயரில் சீமைக் கருவேல முள். உள்கியர் பற்றி எல்லோரும் சொல்லும் பெரிய குறை, பின்சக்கரத்தைக் கழற்றுவது தொல்லை என்பது. உண்மைதான். கேபிளைக் கொக்கியிலிருந்து விடுவித்து, 15-ஆம் நம்பர் ஸ்பேனரால் நட்டுகளைக் கழற்றி, அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்களைத் திசை மாறாமல் எடுத்து வைத்து... நான் பைகளை இறக்கத் தொடங்கினேன். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் தடுத்தார். "சக்கரத்தை எதற்கம்மா கழற்றுகிறீர்கள்?" டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ட்யூபை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கிக் குமிழி பார்த்து, தேய்த்து ஒட்டி, உள்ளே தள்ளிவிட்டார். சக்கரம் இருந்த இடத்திலேயே இருந்தது. நம் ஊர்ச் சைக்கிள்களுக்கு எத்தனையோ தலைமுறையாக இப்படித்தானே பஞ்சர் ஒட்டுகிறோம்! அந்தப் பெரிய குறை நம் ஊரில் குறையே இல்லை.

போடியில் இரவு தங்கல். காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்தில் இருக்கும் முந்தல் நோக்கிக் கிளம்பினேன். ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் வரிசையாக என்னைக் கடந்தன. ஒரு ஜீப்பின் பின்னால் இருந்த பெண், "அக்கா, சைக்கிளை மேலே போட்டுவிட்டு ஏறிக்கொள்ளுங்கள்" என்று கையை நீட்டியே அழைத்தாள். இன்றும் அந்தக் கை நினைவில் இருக்கிறது.

முந்தலிலிருந்து மேட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 17 கொண்டை ஊசி வளைவுகள். என் மிகச் சிறிய கியரில் ஒரு முழு மிதிக்கு வண்டி 2.18 மீட்டர் நகரும். பழைய 21 கியர் அமைப்பில் இது 1.70 மீட்டர். காகிதத்தில் அரை மீட்டர்கூட இல்லாத வித்தியாசம். நான்காவது வளைவில் அதன் பொருள் தெரிந்தது. நிமிடத்துக்கு முப்பத்து சொச்சம் மிதி, ஒவ்வொன்றும் கிணற்றில் நீர் இறைப்பதுபோல. ஐந்தாவது வளைவில் இன்னொரு பாடம். சாலை சற்றுத் தணிந்ததால் மூன்றுக்கு மாற்றியிருந்தேன். வளைவின் உட்புறம் திடீரென்று செங்குத்தானது. கைப்பிடியை ஒன்றுக்குத் திருப்பினேன். கைப்பிடி திரும்பியது, கியர் விழவில்லை. காலில் முழு அழுத்தம் இருக்கும்போது உள்ளே இருக்கும் கொக்கிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன, விட மறுக்கின்றன. அழுத்தத்தைத் தளர்த்தினால் விடும். ஆனால் ஒன்பது விழுக்காடு சரிவில், 95 கிலோவோடு, அரைச் சுற்று தளர்த்தினால் வண்டி நின்றுவிடும். நின்றது.

இறங்கி நின்றுகொண்டு மூச்சு வாங்கினேன். ஆனால் பார்த்தால், நின்ற அந்த இடத்திலேயே கியர் ஒன்றுக்கு வந்து காத்திருந்தது. பழைய டெரெயிலர் அமைப்பாக இருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைக் கையால் சுற்றி, செயினை மேலேற்ற வேண்டும். பைகளோடு அதை ஒருவராகச் செய்ய முடியாது. இதில் ஏறி உட்கார்ந்து மிதித்தேன், நகர்ந்தது. மேல் வளைவுகளில் முறையைக் கற்றுக்கொண்டேன். மிதிகள் இரண்டும் செங்குத்தாக, ஒன்று உச்சியிலும் ஒன்று அடியிலும் வருகிற நொடியில் கால் தானாகவே வலுவிழந்திருக்கிறது. அந்த நொடியில் கைப்பிடியைத் திருப்பினால் கியர் விழுந்துவிடும், வேகமும் போகாது. அதைவிட முக்கியம், வளைவு வருவதற்கு முன்பே, கால் கேட்பதற்கு முன்பே இறக்கிவிடுவது. பதினோராவது வளைவுக்கு மேல் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் மேட்டில் தேநீர்க் கடைப் பலகையில் உட்கார்ந்தபோது இடது முழங்கால் துடித்தது. இரண்டு நாள் துடித்தது.

கியர் போதவில்லை என்பதை மறைப்பதில் பயன் இல்லை. இந்த ஹப்பின் சிறிய கியருக்கும் பெரிய கியருக்கும் நடுவே மூன்று மடங்குக்குச் சற்று மேல்தான். ஜெர்மனியின் ரோலோஃப் ஹப் 14 கியர் கொண்டது, ஐந்து மடங்குக்கு மேல் விரிவு, எல்லா இடைவெளியும் ஒரே 13.6 விழுக்காடு, எண்ணெயில் மூழ்கியே ஓடுவது. என் மலைக் கணக்குக்கும் காற்றுக் கணக்குக்கும் அதுதான் விடை. விலை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டுகிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் முடியும்வரை அதைப் பற்றி நினைப்பதில்லை.

எனக்கு எட்டியது 22 பல் கொண்ட பின் பல்சக்கரம். அதைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் என்கிற கம்பி வளையத்தை நெம்பிக் கழற்றி மாற்றினால் போதும், ஹப்பைத் திறக்க வேண்டியதில்லை. 38-க்கு 22 என்றால் விகிதம் 1.73, செய்தவர்கள் சொன்ன அளவுக்குக் கீழே. விகிதம் குறையக் குறைய உள்ளே இருக்கும் சிறு பற்கள் மீது விழும் முறுக்கு விசை கூடும். இதை நன்றாக யோசித்தேன். எழுபது, எண்பது கிலோ எடையுள்ளவர், மிதியில் எழுந்து நின்று மிதிக்கும் பழக்கமுள்ளவர் இதைச் செய்யக் கூடாது. என் எடை 58 கிலோ, ஏற்றத்தில் எழுந்து நிற்பதில்லை. என் பொறுப்பில் மாற்றினேன்.

பொங்கல் விடுமுறையில் மறுபடி போடிமெட்டு. ஒரு மிதிக்கு 1.88 மீட்டர். அதே சுமை, அதே பைகள், ஜனவரிக் குளிர். ஏழாவது வளைவு தாண்டி வியூ பார்க்கும் கூட்டத்தின் அருகே மட்டும் தண்ணீர் குடிக்க நின்றேன், காலுக்காக அல்ல. இறக்கத்தில் எட்டாவது கியரில் 28 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மிதிக்க முடியாது. சுமை வண்டியோடு அந்தச் சாலையில் அதற்கு மேல் மிதிக்க வேண்டிய தேவையும் இல்லை. பழைய 1.70 இன்னும் மனத்தில் இருக்கிறது. அது வேண்டும் என்று முழங்கால் இன்னமும் சில வளைவுகளில் சொல்கிறது. அதே முழங்கால், காளவாசல் சிக்னலில் ஒவ்வொரு நாளும் இந்த ஹப்பின் பக்கம் நிற்கிறது.

போன வாரம் அண்ணன் கேட்டார், ஒரு முறை இதைத் திறந்து பார்த்துக் கிரீஸ் மாற்றிக் கொடுக்கட்டுமா என்று. முதலில் தயங்கினேன். மூன்று வேக ஹப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோத்தவர். ஆனால் இது பேரப்பிள்ளை, எலும்புகள் நுணுக்கமானவை. இப்போது ஒப்புக்கொண்டுவிட்டேன். மே மாதம் பள்ளி மூடியதும் சக்கரத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். திறக்கும் நாளில் நானும் இருக்க வேண்டும், பற்களை எண்ணுவதற்கு முன்னால் எதையும் மண்ணெண்ணெயில் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.